கட்டிலுக்கு அடியில் தரையக்கா

"யாரது?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

நான் அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காதுப் பரிசோதனை அறைக்கு அடுத்த நோயாளியை அழைத்துப் போக இரண்டாம் மாடி வார்டுக்கு வந்திருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு வெள்ளைக் காலணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலணிகளுக்குள் கால்களும் இருந்தன.

"காது ரூம்ல இருந்து வர்றேன்," என்றேன்.

"யாருன்னு கேட்டேன்."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"ஓ, அந்தப் பேசாத பொண்ணா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

"மேட்ரன்?"

"இல்லை."

"அப்ப நீயும் போ. நான் பேஷன்ட்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

"அவர் தூங்குறாரே."

"தூங்குறவங்ககிட்டயும் பேசலாம். எதிர்த்துப் பேச மாட்டாங்க."

குனிந்து பார்த்தேன். வார்டு நர்ஸ் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கைகளும் தரையை அழுத்திப் பிடித்திருந்தன. கண்கள் இரண்டும் ஒரு பக்கமாக நழுவுவதும், திடுக்கென்று திரும்பி வருவதுமாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அக்கா, உங்களுக்குத் தலை சுத்துதா?"

"கத்தாதே!"

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"எப்ப இருந்து?" என்றேன்.

"ரெண்டு மூணு வாரமா. குனிஞ்சு போர்வையைச் சொருகினா வருது. அண்ணாந்து டிரிப் பாட்டிலை மாத்தினா வருது. படுக்கையில புரண்டா வருது. கொஞ்ச நேரம் வார்டே ராட்டினம் மாதிரி சுத்தும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுடும். கீழ விழுந்தா நாலு பேர் ஓடி வருவாங்க. அதான் விழறதுக்கு முன்னாடி நானே படுத்துக்கிறேன்."

"இது காதுக்குள்ள இருக்கிற துகள் இடம் மாறினா வர்றதுதானே அக்கா? நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க?"

"மத்தவங்களுக்கு அது. எனக்கு அது இல்ல."

"பின்னே?"

அவர் ஒரு கையைத் தரையிலிருந்து எடுக்கப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, கண்ணாலேயே தலையைக் காட்டினார். "கட்டி."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? இத்தனை வருஷமா இந்த வார்டுலதான் குப்பை கொட்டுறேன். இங்க படுத்திருக்கிறவங்க கதையில பாதி, 'ஒரு நாள் சும்மா தலை சுத்துச்சு'ன்னுதான் ஆரம்பிக்குது."

"எங்க ரூமுக்கு வாங்க. படுக்க வச்சுத் தலையைத் திருப்பிப் பார்த்தா உடனே தெரிஞ்சிடும்."

"அதுதாம்மா பிரச்சினை. தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சா மேட்ரனுக்குத் தெரியும். மேட்ரனுக்குத் தெரிஞ்சா என்னைத் துணி ரூமுக்கு அனுப்பிடுவாங்க. முன்னாடி ஒரு சிஸ்டருக்கு முட்டி வலின்னு, 'கொஞ்ச நாள் உக்காந்து வேலை பாரும்மா'ன்னு கீழ அனுப்பினாங்க. இன்னமும் தலையணை உறை மடிச்சுக்கிட்டு இருக்காங்க. மனுஷங்க முகத்தைப் பார்த்தாலே இப்ப அவங்களுக்குப் பயம். நான் அங்க போனா ஒரு வாரத்துல செத்துடுவேன். கட்டியே தேவையில்ல."

"சரிக்கா."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்லைக்கா."

"அதைக் கேள்விப்பட்டுத்தான் உன்கிட்ட சொன்னேன். சரி, கையைக் கொடு. மெதுவா இழு. யாராவது வந்தா, கீழ விழுந்த மாத்திரையை ரெண்டு பேரும் தேடிக்கிட்டு இருக்கோம்."

நான் இழுத்தேன். தையல்காரரின் குறட்டை ஒரு கணம் நின்று, பிறகு முன்பைவிட உரக்கத் தொடங்கியது.

அந்த வார்டைப் பற்றிச் சொன்னால்தான் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியும். நரம்பு நோயாளிகள், கண் அறுவை செய்துகொண்டவர்கள், காதுக் கோளாறுக்காரர்கள் என்று மூன்று வகையினரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். இடப் பற்றாக்குறைதான் காரணம். ஆனால் யாராவது கேட்டால் அக்கா, "மூணும் கழுத்துக்கு மேலதானே இருக்கு? கழுத்துக்கு மேல எல்லாமே நம்ம ஏரியா," என்பார்.

கட்டில்களை அவர் போட்டிருந்த விதத்தில் ஒரு கணக்கு இருந்தது. கண்ணில் கட்டுப் போட்டவருக்குப் பக்கத்தில் காது கேட்காதவரைப் போடுவார். ஒருவருக்குக் காது உண்டு, ஒருவருக்குக் கண் உண்டு, இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்பது அவருடைய சித்தாந்தம். கண் கட்டியவர் நர்ஸ் கூப்பிடுவதைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரரைத் தட்டுவார். பக்கத்துக் கட்டில்காரர் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வார். இதில் ஒரே சிக்கல், காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பெரிய டாக்டர் வார்டுக்குள் காலெடுத்து வைத்ததும், "இன்னைக்கு மூஞ்சி சரியில்லை! வீட்ல சண்டை போல!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி காது கேட்காதவர் பக்கத்துக் கட்டிலுக்கு ரகசியம் சொல்வார். பெரிய டாக்டர் சிரித்த முகமாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று அக்கா சொல்வார்.

பக்கவாதத்துக்குப் பின் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன ஒரு வியாபாரி இருந்தார். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இந்த ஆஸ்பத்திரியில வயித்துக்குப் போட மாட்டேங்கிறாங்க," என்று சத்தம் போடுவார். அக்கா தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பார். "நீ ஒருத்திதாம்மா கேட்டதும் கொண்டு வந்து போடுறே," என்று வியாபாரி தினமும் வாழ்த்துவார். அக்காவும் தினமும், "உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்," என்பார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மூளையில் அடைப்பு ஏற்பட்டுப் பேச்சு முழுவதும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அது நான் இங்கே எழுதக்கூடிய சொல் அல்ல. வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை என்று அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்காதான் தேற்றினார். "அம்மா, நீங்க வார்த்தையைக் கேக்காதீங்க, ராகத்தைக் கேளுங்க. இழுத்துச் சொன்னா தண்ணி. கடைசியில தூக்கினா மணி என்னன்னு கேக்குறார். காலையில டாக்டர் வந்தப்ப சொன்னது மட்டும்தான் நிஜமாவே அந்த வார்த்தை."

மருத்துவர்கள் சொல்லித் தெளியாத நோயாளிகூட அக்காவின் ஒரு அதட்டலில் தெளிந்துவிடுவார். காது கேட்காதவர்களோடு பேசிப் பேசி அவருடைய தொண்டை அப்படி விரிந்திருந்தது. அப்போது அவருக்குப் பெயரே 'ஒலிபெருக்கி'. தலைசுற்றலோடு வருகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிறி நிற்கும்போது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "உலகம் அது பாட்டுக்கு அங்கேயே நிக்குது! உங்க காதுக்குள்ள ஒரு துளி மணல் ஊர் சுத்தக் கிளம்பியிருக்கு! காது ரூம் பொண்ணு அதைப் பிடிச்சு வீட்ல விட்டுடும்! அவ்வளவுதான்!" கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிட்டதைப் போல இருக்கும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன். உட்காரவைத்து, படுக்கவைத்து, தலையை முறைப்படி திருப்பினால் அந்தத் துகள் தன் இடத்துக்குப் போய்விடும். என் வேலையில் ஒரே குறை என் குரல். நான் சொல்வது கேட்கவில்லை என்று, காது நன்றாக இருப்பவர்களும் பயந்துபோய் இன்னொரு பரிசோதனைக்குச் சீட்டு எழுதி வாங்கிப் போவார்கள்.

தையல்காரரின் கதைக்கு வருகிறேன். அவர் கண்ணின் உள்திரை கழன்றுவிட்டது. அறுவை செய்து, உள்ளே வாயுவை நிரப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி மேலெழுந்து திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் பல நாள் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். கட்டிலின் விளிம்பைத் தாண்டி நீட்டிய வளையத் தலையணையில் நெற்றியை வைத்து, தரையைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையைத் தூக்கினால் குமிழி நகரும், ஒட்டிக்கொண்டு வரும் திரை மறுபடியும் கழன்றுவிடும். ஊசியில் நூல் கோர்த்துப் பிழைக்கிற மனிதர் அவர்.

நாங்கள் கட்டிலடியில் பேசிய மறுநாள் காலை, அக்கா அவருடைய போர்வையைச் சொருகக் குனிந்திருக்கிறார். தலை சுற்றியது. வழக்கம்போல அடியில் போய்ப் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் தன் பரிவாரத்தோடு வந்து நின்றார். அன்று நானும் ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவைக் காட்ட அங்கே நின்றிருந்தேன்.

"சிஸ்டர், அங்க என்ன பண்றீங்க?"

காலணிகள் இரண்டும் சட்டென்று உள்ளே போயின.

"பேசிக்கிட்டு இருக்கேன் சார். இவர் முகம் கீழ இருக்கு. மேல நின்னு பேசினா முதுகுகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. பரிவாரத்தைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு நாளா நாம எல்லாரும் முதுகுகிட்டதான்யா பேசிக்கிட்டு இருந்திருக்கோம்," என்றார்.

அன்று மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. குப்புறப் படுத்த நோயாளியிடம் எல்லா நர்ஸ்களும் தரையில் படுத்துத்தான் பேச வேண்டும். ஒலிபெருக்கி அன்றிலிருந்து தரையக்கா ஆனார்.

உத்தரவுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று மேட்ரனே முதலில் படுத்தார். மேட்ரன் கொஞ்சம் கனமான உடம்பு. முதலில் மண்டியிட்டு, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரிய பீரோவை மாடியிலிருந்து இறக்குவதைப் போலப் பகுதி பகுதியாக அவர் தரைக்கு வந்து சேர்ந்ததை வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வந்த பிறகு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

"இல்லீங்க," என்றார் தையல்காரர்.

"ஏன்?"

"இன்னும் கொண்டு வரலீங்க."

"சரி."

இருவரும் ஒருவரை ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மேட்ரன், "நான் எழுந்திருக்கணும். கண்ணை மூடிக்கோங்க," என்றார். தையல்காரர் மூடிக்கொண்டார். தூக்கிவிட வார்டு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கண் கட்டியவர், "என்ன சத்தம்?" என்று தட்டிக் கேட்க, பக்கத்துக் கட்டில்காரர் தன் பாணியில் அதற்கு ரகசியமாகப் பதில் சொன்னார்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் அக்கா சமாளித்திருப்பார். ஆனால் பெரிய டாக்டர் வேறொரு பெரிய மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஒரு குழு இந்தப் புதிய முறையைப் பார்க்கக் கிளம்பி வந்தது. அவர்கள் பேசுவது வேறு மொழி. பள்ளியில் பாதிப் பாடத்தை அந்த மொழியிலும் மீதியைத் தமிழிலும் படித்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். படுத்துக் காட்ட அக்காவை அழைத்தார்கள். எங்கள் இருவரில் யார் அதிகம் பயந்தோம் என்று சொல்ல முடியாது.

குழு வருவதற்கு முந்தைய நாள் மாலை அக்காவை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். சாலையைக் கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த தெரிந்தவர்களிடமெல்லாம், "இந்தப் பொண்ணுக்குத் தனியா ரோடு கிராஸ் பண்ணத் தெரியாது, பாவம்," என்றார். அவர்களும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவர் கணவர் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். நாளெல்லாம் உயரத்தில் கயிற்றில் தொங்குகிறவருக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. படுக்கையறைச் சுவரில், கட்டிலுக்கு எதிரே, பச்சை நிறத்தில் ஒரு பெரிய வட்டம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"முதல்ல பொட்டு அளவுக்குத்தாம்மா வச்சேன்," என்றார். "எழுந்திருக்கும்போது அதையே பார்த்துக்கிட்டு எழுந்திருன்னு சொன்னேன். உயரத்துல நிக்கிறப்ப நாங்க அப்படித்தான் ஒரு இடத்தைப் பார்த்துக்குவோம். இவ, புள்ளியும் சேர்ந்து சுத்துதுன்னா. சரி, பெருசா வச்சா சுத்த முடியாதுன்னு தட்டு அளவுக்கு ஆக்கினேன்."

"இப்ப தட்டு சுத்துது," என்றார் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்து.

"அடுத்தது சுவர் முழுக்கப் பச்சைதான். வேற வழியில்ல." சிரித்துவிட்டு, வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "தலையணையை முட்டுக் கொடுத்து உக்காந்துக்கிட்டேதாம்மா தூங்குறா. பெயின்ட் வாடையில வருதோன்னு என் சட்டையெல்லாம் வெளியிலயே கழட்டிப் போட்டுட்டு வர்றேன். உங்க ரூமுக்கு வரச் சொல்லேன், நீ சொன்னாலாவது கேப்பா."

சொன்னேன். "நாளைக்குக் கூத்து முடியட்டும்," என்றார் அக்கா.

மறுநாள் விருந்தினர்கள் தையல்காரரின் கட்டிலைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். மேட்ரன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். பெரிய டாக்டர் சிறிய உரை ஒன்று ஆற்றினார். நான் கட்டிலின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன், பேச்சைக் கேட்டு மொழிபெயர்க்க வசதியாக.

அக்கா படுத்தார். படுத்த மாத்திரத்தில் கண்கள் ஆடத் தொடங்கின.

"எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

தையல்காரர் உதடு அசையாமல் சொன்னார். "உங்க கண்ணு ஆடுது சிஸ்டர். எழுந்திருக்காதீங்க. நான் ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"இத்தனை நாளா நான் வேற என்னத்தைப் பார்க்கிறேன்? தரையைப் பார்க்கிறேன், உங்களைப் பார்க்கிறேன்."

"அன்னைக்கு இந்தப் பொண்ணுகிட்ட பேசினப்ப தூங்கிக்கிட்டுதானே இருந்தீங்க?"

"குறட்டை விட்டேன். தூங்கினேன்னு யார் சொன்னது? நிம்மதியா பேசிட்டுப் போகட்டுமேன்னு விட்டேன்."

விருந்தினர்களில் மூத்தவர் என் தோளைத் தொட்டு, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். நோயாளியின் தூக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தையல்காரர் சொன்னபடியே கேள்விகளை அடுக்கினார். சிஸ்டருக்கு எத்தனை கூடப் பிறந்தவர்கள், கடைசித் தங்கையின் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், நர்ஸ் உடுப்பில் பை ஏன் இவ்வளவு சின்னதாக வைத்துத் தைக்கிறார்கள், அதைத் தைத்தவனுக்கு மனசாட்சி உண்டா. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னார். சுற்றல் நின்றது. எழுவதற்காகப் பக்கவாட்டில் திரும்பினார். அந்தத் திருப்பத்தில் மறுபடி வந்தது, முன்பைவிட மோசமாக. முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி வருவதைப் போல வாயைப் பொத்தினார்.

தையல்காரர் பயந்துவிட்டார். "டாக்டரைக் கூப்பிடுறேன்," என்று தலையணையிலிருந்து நெற்றியை எடுக்கப் போனார்.

அக்காவின் இரண்டு உள்ளங்கைகளும் மேலே பாய்ந்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டன. "தலையைத் தூக்காதீங்க! தூக்கினா கண்ணு போயிடும்!"

ஒலிபெருக்கியின் முழுச் சத்தம் அது. வார்டு அப்படியே நின்றது. காது கேட்காத கட்டில்காரர், "யாரு என்னைக் கூப்பிட்டது?" என்றார். விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் தையல்காரர் கீழே பார்த்துச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"காது ரூமுக்குப் போய்க் காட்டிக்கிறேன்னு சொல்லுங்க. இல்லேன்னா தூக்குவேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

"உங்க கண்ணு அண்ணே அது!"

"உங்க தலை சிஸ்டர் அது. நான் என் கண்ணுக்காகக் குப்புறக் கிடக்கிறேன். நீங்க உங்க தலைக்காக ஒரு மாடி இறங்க மாட்டீங்களா? சொல்லுங்க. ஒண்ணு. ரெண்டு."

"சரி, சரி! போறேன். இன்னைக்கே போறேன். படுங்க."

நெற்றி தலையணைக்குத் திரும்பியது. ஆனால் அக்காவால் எழ முடியவில்லை. பெரிய டாக்டர், "இப்ப சிஸ்டர் எழுந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்வாங்க," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மொழிபெயர்ப்புக்காக.

நான் எழுந்து நின்றேன். விருந்தினர்களின் மொழியில், இந்த முறையில் நர்ஸ் எழுந்திருக்கும் கட்டம் நோயாளிக்கும் அவருக்கும் மட்டும் உரியது, அந்த நேரத்தில் பார்வையாளர்கள் அறைக்கு வெளியே இருப்பது வழக்கம் என்றேன். என் குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் அதை அவர்கள் பெரும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வெளியேறினார்கள். பெரிய டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் நுனிக்காலில் போகும்போது தான் மட்டும் எப்படிச் சாதாரணமாக நடப்பது? அவரும் அப்படியே போனார். விருந்தினர்களின் மருத்துவமனையில் இப்போதும் நர்ஸ் எழுந்திருக்கும்போது எல்லோரையும் வெளியே அனுப்புகிறார்கள் என்று கேள்வி.

மேட்ரன் மட்டும் போகவில்லை. குனிந்து கட்டிலடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் துணி அறையை நினைத்துக்கொண்டேன்.

"முட்டியா?" என்றார் மேட்ரன்.

"தலை," என்றார் அக்கா. பொய் சொல்லத் தெம்பில்லை.

மேட்ரன் நிமிர்ந்தார். "நீ துணி ரூமுக்குப் போயிட்டா இந்தக் கூத்தையெல்லாம் அந்தப் பெரிய டாக்டர் என்னை வச்சு நடத்துவார். இன்னொரு தடவை என்னால கீழ படுக்க முடியாது. போய்ச் சரி பண்ணிக்கிட்டு வா." பிறகு என்னிடம் திரும்பி, "நான் எதையும் பார்க்கலை. நீ பேச மாட்டேன்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, அவரும் நுனிக்காலில் போய்விட்டார்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. வலது காதில் துகள் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். அன்று ஒரு முறை திருப்பியதில் பெரும்பகுதி போனது. மறுநாள் காலை இன்னொரு முறை திருப்பியதும் நின்றுவிட்டது. அக்கா இப்போதும் அதே வார்டில்தான் இருக்கிறார். குப்புறப் படுக்கும் நோயாளிகள் வரும்போதெல்லாம் தலை சுற்றாமலேயே போய் அடியில் படுக்கிறார். தையல்காரரின் திரை ஒட்டிக்கொண்டது. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக அவர் தைத்துக் கொண்டுவந்தது, தரையில் விரிக்க ஒரு நீளமான பஞ்சு மெத்தை. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய பைகள் வைத்திருந்தார். பச்சை வட்டத்தை அழிக்க மட்டும் கணவர் சம்மதிக்கவில்லை. அளவெடுக்காமல் அவ்வளவு சுத்தமான வட்டம் இனி வரவே வராது என்கிறார்.

ஆனால் அன்று பிற்பகல் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அது விழுந்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். எத்தனையோ பேரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றிவிட்ட அதே படுக்கையில் தானாக ஏறி உட்கார்ந்தார். விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

நான் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். தலையைத் திருப்பிப் படுக்கவைப்பேன், கொஞ்ச நேரம் சுற்றும், கண்ணை மட்டும் மூடக்கூடாது, நான் பிடித்துக்கொள்வேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்து, சாய்க்கப் போனேன்.

"இரு, இரு," என்றார்.

நிறுத்தினேன்.

"நான் எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்வேனே, உலகம் அது பாட்டுக்கு நிக்குதுன்னு. அதை எனக்கு ஒரு தடவை சொல்லேன்."

சொன்னேன்.

அவர் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இப்படி மெதுவா சொல்லாதேம்மா. நீ சொல்றதைக் கேட்டா நிஜமாவே எனக்கு என்னமோ இருக்கிற மாதிரி இருக்கு. வார்டு வரைக்கும் கேட்டாலும் பரவாயில்ல. நல்லாக் கத்திச் சொல்லு."